பத்து நிமிடப் பனியன்

திருப்பூரில் தைக்கப்படும் சாதாரண வட்டக் கழுத்துப் பனியன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தோள் இணைப்பது, கழுத்துப்பட்டி வைப்பது, கை ஏற்றுவது, பக்கவாட்டுத் தையல், கீழ்மடிப்பு என்று அத்தனை தையலையும் கூட்டினால் பத்து நிமிடம்கூட ஆகாது. நூலைத் துணியாகப் பின்னுவது, சாயமேற்றுவது, உலர்த்துவது, வெட்டுவது, தேய்த்து மடிப்பது எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டாலும் அதன்மீது உண்மையில் வேலை நடக்கும் நேரம் சில நாட்களுக்குள் அடங்கிவிடும். ஆனால் ஆர்டர் கைக்கு வந்த நாளிலிருந்து பெட்டி துறைமுகத்துக்குக் கிளம்பும் நாள்வரை இரண்டு, மூன்று மாதம் ஓடிவிடுகிறது. கம்பெனிக்குள் போய்ப் பார்த்தால் யாரும் சும்மா இருப்பதாகவும் தெரியாது. தலை நிமிராமல் தைக்கிறார்கள், வெட்டுகிறார்கள், சுமக்கிறார்கள். அப்படியானால் மிச்ச நாளெல்லாம் எங்கே போயிற்று?

பனியன் காத்துக்கொண்டிருந்தது. பண்டலாகக் கட்டப்பட்டு மேசைக்கடியில், கூடையில், படிக்கட்டோரத்தில், சாயப்பட்டறை வாசலில் தன் முறைக்காகக் கிடந்தது. ஆட்கள் ஓயாமல் வேலை செய்தார்கள், பொருள் ஓயாமல் காத்திருந்தது. இரண்டும் ஒரே கூரையின்கீழ் ஒரே நேரத்தில் நடக்க முடியும் என்பதுதான் இதில் விசித்திரம்.

இந்தக் காத்திருப்பை ஆராயும் பொறியியல் துறைக்குத் தொழிலகப் பொறியியல் என்று பெயர். இயந்திரவியல் படித்தவர் இயந்திரத்தை வடிவமைப்பார். இவர் வடிவமைப்பது ஆள், இயந்திரம், பொருள், தகவல் நான்கும் சேர்ந்து ஓடும் ஓட்டத்தை. பின்னலாடை நிறுவனங்களில் இந்த வேலையில் இருப்பவரை ‘ஐ.இ.’ என்றே அழைக்கிறார்கள். கையில் ஸ்டாப்வாட்சும் எழுது அட்டையுமாகத் தையல் வரிசையின் பக்கத்தில் நிற்கிறாரே, அவர்தான். அவர் என்ன பார்க்கிறார் என்பதைச் சிறு கணக்கு ஒன்றால் புரிந்துகொள்ளலாம்.

ஒரு வரிசையில் நான்கு பேர் தைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தோள் இணைப்பவருக்கு ஓர் உருப்படிக்கு 30 விநாடி. அடுத்தவர் கழுத்துப்பட்டி வைக்கிறார், 50 விநாடி. கை ஏற்ற 40, கீழ்மடிப்புக்கு 35. மணிக்கு எத்தனை பனியன் வெளியே வரும்? முதலாமவர் 120 தோள்களை இணைத்துவிடுவார். ஆனால் கழுத்துப்பட்டியில் மணிக்கு 72-க்கு மேல் நகராது. ஆகவே முழு வரிசையும் 72 தான் தரும். மற்ற மூவரும் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

கல்யாணப் பந்தியில் இதைப் பார்த்திருப்பீர்கள். சமையல் தயார், பரிமாறுபவர்கள் வாளியுடன் தயார், சாப்பிட வந்தவர்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே வந்து நின்றாயிற்று. எச்சில் இலையை எடுத்து மேசை துடைப்பவர்கள் மட்டும் இரண்டே பேர். அடுத்த பந்தி எப்போது உட்காரும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் அவர்கள் இருவரும்தான், சமையல்காரர் அல்ல. ஓட்டத்தை இறுக்கிப் பிடிக்கும் அந்த ஒரு புள்ளியைக் கம்பெனிகளில் பாட்டில்நெக் என்பார்கள். நாம் ‘இடுக்கு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இடுக்குக்கு முன்னால் இருப்பவர் வேகமாக உழைத்தால் நன்மை இல்லை என்பதோடு கெடுதலும் வருகிறது. தோள் இணைப்பவர் மணிக்கு 120 அனுப்ப, அடுத்தவர் 72 மட்டும் முடிக்க, நடுவில் மணிக்கு 48 சேர்கிறது. எட்டு மணி நேர ஷிப்ட் முடியும்போது 384 உருப்படிகள் குவிந்திருக்கும். கடைசியாக அந்தக் குவியலில் விழுந்த பனியன் எவ்வளவு நேரம் காத்திருக்கும்? 384-ஐ மணிக்கு 72 வீதம் தீர்க்க வேண்டும். 5 மணி 20 நிமிடம். ஐம்பது விநாடி வேலைக்கு ஐந்தே கால் மணிக்கும் மேல் காத்திருப்பு! தோள் இணைப்பவருக்குப் பீஸ் ரேட் கூலி என்றால் அன்று அவருக்கு நல்ல வருமானம். மேற்பார்வையாளரும் அவரைத்தான் பாராட்டியிருப்பார்.

இப்போது நாம் போட்ட கணக்கில் ஒரு பொது விதி ஒளிந்திருக்கிறது. உள்ளே தேங்கியிருக்கும் எண்ணிக்கையை, வெளியேறும் வேகத்தால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைத்துவிடும். கேட்கும்போது இதென்ன பெரிய விஷயம் என்று தோன்றும். முதலில் எல்லோரும் நிரூபணம் இல்லாமலேயே இதைப் பயன்படுத்தி வந்தார்கள். அமெரிக்க இயற்பியலாளர் பிலிப் மோர்ஸ் 1958-இல் வெளியான தன் நூலில், இது பொய்க்கும் ஒரு சூழலைக் காட்டுங்கள் பார்க்கலாம் என்று வாசகர்களுக்குச் சவால் விட்டார். யாராலும் காட்ட முடியவில்லை. 1961-இல் ஜான் லிட்டில் அதைக் கணித ரீதியாக நிரூபித்தார். அதனால் அது லிட்டில் விதி ஆயிற்று. அதன் அழகு, எந்த வரிசைக்கும் பொருந்தும் என்பது. ஆட்கள் எப்படி வருகிறார்கள், வேலை எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்ற விவரம் எதுவும் தேவையில்லை. கம்பெனி வாசலில் நின்று, உள்ளே எத்தனை ஆயிரம் உருப்படி கிடக்கிறது, நாளுக்கு எத்தனை வெளியே போகிறது என்ற இரண்டு எண்களைக் கேட்டால் போதும், ஆர்டர் எப்போது முடியும் என்று சொல்லிவிடலாம்.

சரி, நம் நால்வர் வரிசையை எப்படிச் சரிசெய்வது? கழுத்துப்பட்டிக்காரரை இன்னும் வேகமாகத் தைக்கச் சொல்வது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, ஆனால் மோசமான வழி. ஐ.இ. அவர் கைகளைக் கவனிக்கிறார். அந்த 50 விநாடியில் 10 விநாடி சைஸ் லேபிளைத் தைப்பதற்குப் போகிறது. லேபிளைத் தோள் இணைப்பவரிடம் மாற்றிவிட்டால் அவருக்கு 40, இவருக்கும் 40. வரிசை இப்போது மணிக்கு 90 பனியன் தரும். அதே நான்கு பேர், அதே இயந்திரங்கள், யாருடைய கையும் முன்பைவிட வேகமாக அசையவில்லை, உற்பத்தி மட்டும் கால்பங்கு கூடிவிட்டது. லைன் பேலன்சிங் என்று தையல் கம்பெனிகளில் அன்றாடம் புழங்கும் சொல் இதைத்தான் குறிக்கிறது. வேலை நிலப்பரப்பில் மேடு பள்ளத்தை நிரவுவது என்று சொல்லலாம்.

இதுவரை சொன்னதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. 40 விநாடி என்றால் ஒவ்வொரு முறையும் 40 விநாடியே ஆகும் என்பதுபோல் எழுதிவிட்டேன். நிஜத்தில் நூல் அறும், ஊசி உடையும், ஒரு துணி வழுக்கும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுத்தால்தான் துறையின் மிக ஆழமான உண்மை வெளியே வரும். அதற்கு மருத்துவமனை நல்ல இடம்.

மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கச் சராசரியாக 5 நிமிடம் எடுக்கிறார். நோயாளிகள் ஒழுங்கின்றி, தோன்றும்போது வருகிறார்கள். சிலருக்கு இரண்டு நிமிடம், சிலருக்குப் பதினைந்து. மருத்துவருடைய நேரத்தில் பாதி வேலையில் போகிறது, பாதி ஓய்வு என்றால் நோயாளி சராசரியாக 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். பளுவை 80 சதவீதம் ஆக்கினால் காத்திருப்பு 20 நிமிடம். 90 சதவீதத்தில் 45 நிமிடம். 95 சதவீதத்தில் 95 நிமிடம். கடைசி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கூட்டம் கூடியது சொற்பம், காத்திருப்போ இரட்டிப்பாகிவிட்டது. மருத்துவரை ஒரு நிமிடமும் வீணாக்காமல் நூறு சதவீதம் பயன்படுத்திவிட வேண்டும் என்று நிர்வாகி முடிவெடுத்தால், வரிசை முடிவே இல்லாமல் நீண்டுகொண்டே போகும்.

ஏன் இப்படி? யாரும் வராத ஐந்து நிமிடத்தை எடுத்து வைத்து, ஆறு பேர் ஒன்றாக வரும்போது செலவழிக்க முடியாது. கூட்டம் திடீரென்று பெருகினால் அதைக் கரைக்க ஓய்வு நேரம் மட்டுமே உண்டு. 80 சதவீதப் பளுவில் மணிக்கு 12 நிமிடம் அப்படிக் கைவசம் இருக்கிறது. 95 சதவீதத்தில் வெறும் 3 நிமிடம். காலையில் உண்டான ஒரு சிறு நெரிசல் மதியம்வரை கரையாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். சும்மா இருப்பதுபோல் தெரியும் அந்தப் பன்னிரண்டு நிமிடம் உண்மையில் வேலை செய்துகொண்டிருக்கிறது. இதை நம்ப மறுக்கும் நிர்வாகிகள் எல்லா ஊரிலும் உண்டு.

இந்தக் கணக்கின் மூலவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் 1908-இல் சேர்ந்த டென்மார்க் கணிதர் ஏ.கே. எர்லாங். எத்தனை தொலைபேசித் தடங்கள் இருந்தால் அழைப்பவர்கள் பொறுத்துக்கொள்ளும் அளவில் இணைப்பு கிடைக்கும் என்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி. 1909-இல் அழைப்புகள் வரும் ஒழுங்கின்மைக்கே ஓர் ஒழுங்கு உண்டு என்று காட்டினார். 1917-இல் காத்திருப்பைக் கணிக்கும் முறைகளைத் தந்தார். இந்தக் கணிப்புகளைத் தொலைபேசி நிலையத்தில் எண்ணிப் பார்த்துச் சோதிக்க முடியும் என்பதால் அவை வெறும் காகிதக் கணக்காக நிற்கவில்லை. தொலைபேசிப் பளுவின் அலகுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

எர்லாங்கின் கணக்கிலிருந்து கிடைத்த பலன் ஒன்றை வங்கிகளில் தினமும் அனுபவிக்கிறோம். இரண்டு கவுன்ட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை, 80 சதவீதப் பளு, ஓர் ஆளுக்கு 5 நிமிட வேலை என்றால் காத்திருப்பு 20 நிமிடம். இரண்டு வரிசைகளையும் ஒன்றாக்கி, டோக்கன் கொடுத்து, காலியாகும் கவுன்ட்டருக்கு அடுத்தவரை அனுப்பினால் அது ஏறத்தாழ 9 நிமிடமாகக் குறைகிறது. ஒரு ஊழியரும் கூடவில்லை. பக்கத்து வரிசை நம்முடையதைவிட வேகமாக நகர்கிறதே என்ற வயிற்றெரிச்சலும் மிச்சம்.

இவ்வளவும் நேர அளவீட்டை நம்பி நிற்கிறது. 40 விநாடி என்று யார் சொன்னது? இங்கேதான் இத்துறையின் பழைய காயம் இருக்கிறது.

அமெரிக்கரான ஃபிரெடரிக் டெய்லர் ஸ்டாப்வாட்சைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். பெத்லஹேம் எஃகு ஆலையில் 1899-இல், நாளுக்குப் பன்னிரண்டரை டன் இரும்புக் கட்டிகளைச் சுமந்த தொழிலாளியை நாற்பத்தேழரை டன் சுமக்க வைத்ததாக அவர் சொன்ன கதை உலகப் புகழ் பெற்றது. பிற்காலத்தில் ஆவணங்களைத் தோண்டிய வரலாற்றாளர்கள், டெய்லர் அந்தக் கதையைக் கணிசமாக மெருகேற்றியிருப்பதைக் காட்டினார்கள். அவருடைய ‘அறிவியல் மேலாண்மை’ நூல் வெளியான அதே 1911-ஆம் ஆண்டில், வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையின் வார்ப்புத் தொழிலாளர்கள் ஸ்டாப்வாட்சை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். நாடாளுமன்ற விசாரணை நடந்தது. 1915-இல் அரசுத் தளவாட ஆலைகளில் ஸ்டாப்வாட்ச் ஆய்வுக்குத் தடையே வந்துவிட்டது.

தொழிலாளர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஒருவர் தைக்கும் நேரத்தை அளந்துவிடலாம். அவர் வழக்கமான வேகத்தில் தைக்கிறாரா, பயந்து ஓடுகிறாரா, வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறாரா என்பதை அளப்பவர் கண்ணால் பார்த்து மதிப்பிட்டே திருத்த வேண்டும். இந்த மதிப்பீடுதான் கால ஆய்வின் பலவீனமான கண்ணி. அதன்மேல் தண்ணீர் குடிக்க, கழிப்பறைக்குப் போக, களைப்பாற ஒரு கூடுதல் நேரமும் சேர்க்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வேலை ஆய்வுக் கையேடு ஆண்களுக்கு இதை அடிப்படையாக 9 சதவீதம், பெண்களுக்கு 11 சதவீதம் என்று வைத்து, நின்றபடி வேலை, வெக்கை, சுமை ஆகியவற்றுக்கேற்பக் கூட்டச் சொல்கிறது. இதையெல்லாம் சேர்த்துக் கிடைப்பதே திட்ட நேரம். கூடுதல் நேரத்தை ஓசைப்படாமல் வெட்டிவிட்டு மணிக்கு இத்தனை பீஸ் என்று பலகையில் எழுதும் இடங்களில், ஐ.இ.யைப் பார்த்தாலே தையல்காரர்கள் முகம் சுளிப்பது இயல்பு. அங்கே கையாளப்படுவது பொறியியல் அல்ல, சாட்டை.

கடிகாரமே இல்லாமல் அளக்கும் வழியும் உண்டு. அதை 1930-களில் கண்டுபிடித்தவர் பிரிட்டிஷ் பருத்தித் தொழில் ஆய்வுச் சங்கத்தில் பணிபுரிந்த புள்ளியியலாளர் எல்.எச்.சி. டிப்பெட். தறிகள் எவ்வளவு நேரம் நின்றுபோகின்றன என்று அறிய ஒவ்வொரு தறியின் பக்கத்திலும் நாள் முழுக்க ஆள் நிறுத்தத் தேவையில்லை என்று அவர் உணர்ந்தார். முன்கூட்டி ஊகிக்க முடியாத நேரங்களில் கூடத்துக்குள் எட்டிப் பார்த்து, அந்தக் கணத்தில் எத்தனை தறி ஓடுகிறது, எத்தனை நிற்கிறது என்று குறித்தால் போதும். 400 பார்வைகளில் 80 முறை தறி நின்றிருந்தால், அது தன் நேரத்தில் சுமார் 20 சதவீதம் நிற்கிறது. பிழை நான்கு சதவீதப் புள்ளிக்குமேல் போக வாய்ப்பு மிகக் குறைவு. தேர்தல் கருத்துக்கணிப்பில் ஆட்களை மாதிரி எடுக்கிறார்கள், இங்கே கணங்களை. ஒரு பார்வையில் யாரையும் முறைத்து நிற்பதில்லை என்பதால் வேலை செய்பவரின் இயல்பும் அவ்வளவாகக் கெடாது.

டெய்லரின் காலத்திலேயே வேறு பாதையில் நடந்தவர்கள் ஃபிராங்க், லிலியன் கில்பிரெத் தம்பதி. ஃபிராங்க் கொத்தனார் வேலையிலிருந்து வந்தவர். செங்கல்லை எடுக்க ஒவ்வொரு முறையும் குனிந்து நிமிர்வதைப் பார்த்து, உயரம் மாற்றக்கூடிய சாரத்தை அமைத்துக் கல்லை இடுப்புயரத்தில் வைத்தார். பதினெட்டு அசைவுகள் ஐந்துக்குள் வந்தன. மணிக்கு 120 கல் வைத்தவர்கள் 350 வைத்தார்கள். இங்கே குறைந்தது முதுகுவலி, கூடியது சுவர். அடுத்ததாக அவர்கள் திரைப்படக் கேமராவை அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குள் கொண்டுபோனார்கள். அறுவை மருத்துவர் நோயாளியிடமிருந்து கண்ணை எடுத்துக் கருவியைத் தேடுவதிலேயே நேரத்தைக் கழிப்பது படத்தில் தெரிந்தது. பக்கத்தில் நிற்கும் செவிலியர் கேட்ட கருவியைக் கையில் வைக்க வேண்டும் என்று ஃபிராங்க் பரிந்துரைத்தார். 1924-இல் அவர் இறந்த பிறகு லிலியன் குழந்தைகளை வளர்த்துக்கொண்டே இத்துறையில் பெரும்பணி செய்தார். 1965-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்துக்குத் தேர்வான முதல் பெண் அவர்.

கில்பிரெத்தின் எண்ணம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு உலகமே மேற்கோள் காட்டும் உதாரணம் மதுரையில் இருக்கிறது. 1976-இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரையால் பார்வை இழந்தவர்கள் லட்சக்கணக்கில், அறுவை செய்யத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். இடுக்கு எது என்பது கண்முன் தெரிந்தது, மருத்துவரின் கைநேரம். அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் உணவகங்கள் எந்தக் கிளையிலும் ஒரே முறையில் வேலை செய்வதைப் பார்த்து, அப்படி ஏன் கண் சிகிச்சையைச் செய்யக் கூடாது என்று அவர் கேட்டது பிரசித்தம்.

அங்கே செய்ததைத் தொழிலகப் பொறியியல் பாடமாகவே வாசிக்கலாம். ஒரு மருத்துவருக்கு அடுத்தடுத்து இரண்டு அறுவை மேசைகள். ஒன்றில் அவர் அறுவை செய்யும்போதே மற்றதில் அடுத்த நோயாளி தயாராகிறார். முடிந்ததும் நுண்ணோக்கி அந்தப் பக்கம் திரும்புகிறது, மருத்துவரும் திரும்புகிறார். பார்வை அளவிடுவது, கண் அழுத்தம் பார்ப்பது, மருந்திடுவது, கருவி எடுத்துக் கொடுப்பது எல்லாம் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்து இரண்டாண்டு பயிற்சி கொடுத்த இளம்பெண்களின் பொறுப்பு. மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியது எதுவோ அது மட்டும் மருத்துவரிடம். நம் தையல் வரிசையில் லேபிளை மாற்றினோமே, அதே கணக்கு. வருகையின் ஏற்ற இறக்கத்தையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தி, அறுவை தேவைப்படுவோரை அங்கேயே கண்டறிந்து பேருந்தில் அழைத்து வருவதால், நாளைக்கு எத்தனை பேர் என்பது இன்றே தெரிந்துவிடுகிறது.

விளைவாக, அங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2,000 அளவில் அறுவை செய்கிறார். இது நாட்டின் பொதுச் சராசரியைப்போலப் பல மடங்கு. பாதிக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடக்கின்றன. கத்தி பிடித்த கையை யாரும் அவசரப்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவே மருத்துவர் சும்மா நின்ற நேரம் மட்டுமே நீக்கப்பட்டது. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-இல் இதைப் பாடமாக எழுதியது, இன்றும் நடத்துகிறார்கள்.

படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 1909-இல் இதற்கென்று துறை தொடங்கியது. இந்தியாவில் 1963-இல் மும்பை பவாயில் இத்துறைக்காகவே உருவான நிட்டி நிறுவனம், 2023-இல் ஐ.ஐ.எம். மும்பை ஆகிவிட்டது. கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் காரக்பூர் ஐ.ஐ.டி.யிலும் தனித் துறைகள் இருக்கின்றன. வேறு பல கல்லூரிகளில் உற்பத்திப் பொறியியல், இயந்திரவியல் ஆகியவற்றுக்குள் பாடங்களாகக் கலந்திருக்கிறது. நிகழ்தகவு, புள்ளியியல், செய்பணி ஆய்வு, உடலுக்கேற்ற பணியிட வடிவமைப்பு, தரக் கட்டுப்பாடு, கணினிப் பாவனை, செலவுக் கணக்கு ஆகியவை பாடங்கள். வேலை ஆடைத் தொழிலில் மட்டும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கார் ஆலைகள், கிடங்குகள், விமான நிலையங்கள், மருத்துவமனைகள், வீட்டுக்குப் பொருள் அனுப்பும் நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இவர்கள் தேவைப்படுகிறார்கள்.

இயந்திரத்தைக் கழற்றிப் பார்ப்பதில்தான் இன்பம் என்பவர்கள் இயந்திரவியலுக்கே போகலாம், இங்கே ஏமாந்துபோவார்கள். புள்ளியியலைக் கண்டு ஓடுபவர்களுக்கும் இது ஒத்துவராது. மூன்றாவது தகுதி ஒன்று எந்தக் கல்லூரியின் விளக்கக் கையேட்டிலும் இருக்காது: தையல் இயந்திரத்தின் முன் பத்தாண்டு உட்கார்ந்தவரிடம், ‘அக்கா, இதுல உங்களுக்கு எது சிரமம்?’ என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை நிற்கும் பொறுமை. இந்த மூன்றும் இருக்கும் பிளஸ் டூ மாணவர் யாராவது வீட்டில் இருந்தால், கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்பும்போது இந்தத் துறையின் பெயரையும் ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.